தங்கச்சிக்கு இல்லை

பரிசோதனைக்குப் போவோம் என்று பிடிவாதம் பிடித்தவள் ஹம்சிகா. வேண்டாம் என்று கடைசி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவளுடைய அக்கா தாரிகா.

பேச்சைத் தொடக்கியவர் கனடாவில் இருக்கும் சித்தி. சித்திக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது அங்கே இரத்தத்தைச் சோதித்து, மரபணு ஒன்றில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். இது பரம்பரையாக வரக்கூடியது, கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அறிவியுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சித்தி வட்ஸ்அப்பில் அழைத்து, அழுகையும் இருமலுமாகச் சொல்லி முடித்தார். சகோதரிகளின் அம்மா சரோஜினிதேவியும் அதே நோயில்தான் போனவர். அப்போது தாரிகா ஏ.எல். பரீட்சை எழுதி முடித்திருந்தாள். ஹம்சிகா பள்ளிக்கூடச் சிறுமி. அதன்பிறகு ஹம்சிகாவுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் விழித்திருந்ததும், கம்பஸில் இடம் கிடைத்தும் போகாமல் மொண்டிசோரி ஆசிரியையாகி அவளைப் படிப்பித்ததும் அக்காதான்.

இப்போதும் ஹம்சிகா அக்காவோடுதான் இருந்தாள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. அத்தான் கிருபாகரன் கப்பல் கம்பனியில் வேலை. மகள் அக்ஷராவுக்கு ஆறு வயது. ஹம்சிகா காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருந்தாள். ஆபத்தை விழுக்காட்டில் சொல்லுவது அவளுக்குப் பழகிய விசயம்.

“பிழை இருந்தா நூறு பேரில எழுபது பேருக்கு வருதாம் அக்கா. தெரிஞ்சா என்னவும் செய்யலாம். தெரியாட்டி அம்மாவைப் போலத்தான்.”

“தெரிஞ்சு என்ன செய்யிறது? விடிஞ்சா பொழுதுபட்டா பயந்துகொண்டு இருக்கிறதே?”

“வருத்தம் வர முதலே ரெண்டு மார்பையும் எடுத்துவிடலாம். அப்பிடிச் செய்யினம். இருந்தா எனக்குத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். நீங்கள் எனக்குத் துணைக்கு எண்டு வாங்கோவன்.”

அதை அவள் உண்மையாகவே நம்பினாள். சாயல், உயரம், கூந்தல், நடை என்று எல்லாவற்றிலும் அம்மாவை உரித்து வைத்திருப்பவள் அவள். தாரிகா அப்பாவின் பக்கம். தங்கச்சிக்குத் துணை என்றபடியால்தான் தாரிகா கடைசியில் கையை நீட்டி இரத்தம் கொடுத்தாள்.

முடிவு சொன்ன இடம் பொரளையில் இருந்தது. வைத்திய ஆலோசகர் ஒரு நடுத்தர வயதுப் பெண். தனித்தனியாக உள்ளே வருகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை, ஒன்றாகவே சொல்லுங்கள்,” என்றாள் ஹம்சிகா.

அவர் முதலில் ஹம்சிகாவின் தாளை எடுத்தார். பிழை இல்லை. மற்றப் பெண்களுக்கு இருக்கும் அளவு ஆபத்துத்தான், அதற்கு மேல் இல்லை.

ஹம்சிகா சிரித்துவிட்டாள். மெல்லிய புன்னகை அல்ல, வாய்விட்ட சிரிப்பு. பக்கத்தில் இருந்த அக்காவின் கையைப் பிடித்து உலுக்கி, “பாத்தீங்களே!” என்றாள். தாரிகாவும் சிரித்தாள். ஆலோசகர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு, அவர்கள் அடங்கும்வரை காத்திருந்தார். அப்போதுதான் ஹம்சிகாவுக்கு விளங்கியது.

தாரிகாவுக்கு இருந்தது.

அதன்பிறகு அவர் விளக்கியதெல்லாம் தாரிகாவுக்கு. ஒவ்வொரு வருடமும் ஸ்கான் எடுத்துக் கவனமாக இருக்கலாம். அல்லது சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாம். இதே பிழையால் சூலகத்திலும் வரக்கூடியபடியால் அதைப் பற்றியும் பிறகு யோசிக்கவேண்டி வரும். அவசரம் இல்லை, யோசியுங்கள். தாரிகா பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சொல்வதைக் கேட்பதுபோலத் தலையாட்டிக் கேட்டாள்.

திரும்பி வரும்போது தாரிகா வழியில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, பேக்கரிக்குள் போய் ஒரு சொக்லட் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள்.

“என்னத்துக்கு அக்கா?”

“ஒராளுக்கெண்டாலும் இல்லைத்தானே. சந்தோசமான விசயம்தானே அது.”

வீட்டில் அக்ஷரா யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாள். ஹம்சிகாவைக் காட்டி, சித்திக்கு என்றாள் தாரிகா. அக்கா வெட்டித் தந்த துண்டை ஹம்சிகா தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

அதோடு தாரிகா அந்தக் கதையை மூடிவிட்டாள். காலையில் மொண்டிசோரிக்குப் போனாள், மத்தியானம் வந்து சமைத்தாள், மகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஹம்சிகாவினால்தான் மூட முடியவில்லை. குளிக்கும்போது தன் உடம்பைக் குனிந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. களவெடுத்த பொருளை வீட்டுக்குள் வைத்திருப்பதுபோல. கடைகளில் துணி பார்க்கும்போதும் தொளதொளத்த சட்டைகளையே எடுத்தாள். அலுவலகத்தில் யாராவது பகிடி விட்டு எல்லாரும் சிரித்தால், பொரளையில் சிரித்த சிரிப்பு காதுக்குள் கேட்டது. அக்காவை இழுத்துக்கொண்டு போனது அவள். அந்தச் செய்தியைத் தலையில் வைத்துவிட்டுத் தான் மட்டும் தப்பி வந்ததும் அவள்.

ஏதாவது செய்தால் மனம் ஆறும் என்று நினைத்து, அக்காவிடம் கேளாமலே ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் நாள் எடுத்தாள். குறுஞ்செய்தி தாரிகாவின் கைபேசிக்கு வந்தது.

“ஆரைக் கேட்டு நாள் எடுத்தனீ?”

“அந்த டொக்டர் இதில கெட்டிக்காரர் எண்டு சொன்னவை. சும்மா போய்க் கதைச்சுப் பாக்கத்தானே...”

“அவ்வளவு அவசரமெண்டா நீ போய் வெட்டு.” தாரிகா சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். “ஓ, உனக்குத் தேவையில்லை, என்ன?”

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தாரிகா குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

கிருபாகரன் கோபக்காரன் அல்ல. ஆனால் அன்று பின்னேரம் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஹம்சிகாவிடம் வந்து, தணிந்த குரலில் சொன்னான்.

“வருத்தம் ஒண்டும் இல்லாத உடம்பு ஹம்சி. அதை ஏன் வெட்டோணும்? நீர் இந்தக் கதையை எடுக்காம விட்டிருந்தா நாங்கள் நிம்மதியா இருந்திருப்பம்.”

“ஓம் அத்தான்,” என்றாள் அவள். வேறு என்ன சொல்வது? அவளே தனக்குள் எத்தனையோ தரம் சொல்லிக்கொண்டதுதான் அது.

அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. பிழை இல்லாதவளுக்குப் பேச என்ன உரிமை?

அக்காவின் முதல் ஸ்கானில் ஏதோ சந்தேகம் என்று ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று வர நாட்கள் சென்றன. அந்த நாட்களில் தாரிகா சோற்றைப் பிசைந்தபடி இருப்பாள், சாப்பிடமாட்டாள். சரி, தப்பியாயிற்று என்று வீடு மூச்சு விட்ட பிறகும் அவள் பழையபடி ஆகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹம்சிகா அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். தாரிகா வந்து கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்தாள்.

“நான் குளிச்சிட்டு வந்து ஒவ்வொரு நாளும் தடவிப் பாக்கிறனான். கட்டி கிட்டி இருக்கோ எண்டு. ஒருக்காப் பாத்தாப் போதாது, திருப்பித் திருப்பிப் பாப்பன். அக்ஷரா கட்டில்ல இருந்து என்னையே பாத்துக்கொண்டிருப்பாள்.”

ஹம்சிகா மடிப்பதை நிறுத்தினாள்.

“இண்டைக்கு அவளைக் குளிப்பாட்டித் துடைச்சு விட்டனான். கண்ணாடிக்கு முன்னால போய் நிண்டு, என்னைப் போலவே கையைத் தூக்கிக்கொண்டு தன்ர நெஞ்சைத் தடவிறாள். என்ன செய்யிறாய் எண்டு கேட்டன். ‘இருக்கோ எண்டு பாக்கிறன் அம்மா’ எண்டாள்.” தாரிகாவின் குரல் உடைந்தது. “ஆறு வயசுப் பிள்ளை, ஹம்சி. நான் உயிரோட இருந்தும் அவளுக்கு இதையே பழக்கப் போறன்?”

ஹம்சிகாவுக்கு அக்காவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. பிடிக்கவில்லை.

“அந்த டொக்டரிட்டத் திரும்ப நாள் எடு,” என்றாள் தாரிகா. “அத்தானிட்ட நான் கதைக்கிறன்.”

கிருபாகரனோடு அவள் என்ன கதைத்தாள் என்று ஹம்சிகாவுக்குத் தெரியாது. மூடிய கதவுக்குப் பின்னால் அத்தானின் குரல் ஒரு முறை உயர்ந்து, பிறகு கேட்கவேயில்லை. கிளினிக்குக்கு அவனும் வந்தான். அங்கே தனியாராகப் பார்த்த டொக்டர், களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் தன்னுடைய வார்டிலேயே செய்யலாம் என்றார். திரும்ப மார்பு வைத்துக் கட்டுவதைப் பற்றியும் விளக்கினார். தாரிகா வேண்டாம் என்றாள். ஒரு தரம் வெட்டினால் போதும், இன்னொரு தரம் மேசையில் படுக்க ஏலாது.

டொக்டர் குடும்பத்தைப் பற்றியும் விசாரித்தார். அம்மாவுக்குச் சகோதரர்கள் உண்டா? ஒரு மாமா இருந்தார், மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருக்குப் பிள்ளைகள்? ஒரு மகள், துஷ்யந்தி, கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். ஆண்களிடமிருந்தும் பிள்ளைகளுக்கு வரலாம், அவளுக்கும் சொல்லிவிடுங்கள் என்றார்.

“நான் சொல்லுறன்,” என்றாள் ஹம்சிகா. எல்லா வேலையையும் அவள் அப்போது அப்படித்தான் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஹம்சிகா சூப் கொண்டு போனாள். அக்காவின் நெஞ்சு பஞ்சுக் கட்டுக்குள் தட்டையாக இருந்தது. இரண்டு பக்கமும் மெல்லிய குழாய்கள் வெளியே வந்து, சிறிய போத்தல்களில் செந்நீர் வடிந்துகொண்டிருந்தது. ஹம்சிகா முகத்தைப் பார்த்தபடியே கரண்டியால் ஊட்டினாள். முகத்தை விட்டு வேறெங்கும் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

போத்தலில் அளவு பார்க்க வந்த நேர்ஸ், நல்ல மனுசி, ஹம்சிகாவைப் பார்த்து நீதானா தங்கை என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு அனுதாபமாக, “நங்கிடத் தியெனவாத?” என்றார். உனக்கும் இருக்கிறதா என்று.

“இன்னும் செக் பண்ணவில்லை, மிஸ்,” என்றாள் ஹம்சிகா சிங்களத்தில்.

பண்ணிவிடு, பிந்தவேண்டாம் என்று தோளில் தட்டிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். ஹம்சிகா திரும்பவும் கரண்டியை நீட்டினாள். தாரிகா வாயைத் திறக்கவில்லை.

“ஏன் பொய் சொன்னனீ?”

“என்ன பொய்?”

“எனக்குச் சிங்களம் விளங்காதே? உனக்கு இல்லை எண்டு சொல்ல வேண்டியதுதானே.”

ஹம்சிகா கோப்பையை அலுமாரி மேல் வைத்தாள். “உங்களுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது? வெக்கமா இருந்தது.”

“வெக்கமோ?” தாரிகா எழும்பப் பார்த்து, நோவில் முகம் சுளித்துத் திரும்பச் சாய்ந்தாள். “இந்தா பார். உன்னை நான் வளர்த்தனான். உனக்கு இல்லை எண்டது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் தெரியுமே? இஞ்ச படுத்திருக்கேக்க அதை நினைச்சுக்கொண்டுதான் படுத்திருக்கிறன். அதைப் போய் நீ ஏதோ அவமானம் மாதிரி ஒளிக்கிறாய்.”

“அண்டைக்கு நான் சிரிச்சனான் அக்கா.”

அவ்வளவு காலமும் வராத சொல் அது. பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்த்தார்.

“ஓம், சிரிச்சனீ,” என்றாள் தாரிகா. “எனக்குக் கோவம் வந்ததுதான். வீட்டுக்குப் போனாப் பிறகுதான் வந்தது. உன்னை இழுத்து ஒரு அறை விடோணும் போல இருந்தது. அண்டைக்கு நாள் எடுத்தாய் பார், அண்டைக்கும் அப்பிடித்தான்.” மூச்சு எடுக்க நிறுத்தினாள். “இப்பவும் இடைக்கிடை வரும். அதுக்கு நான் என்ன செய்ய? ஆனா நீ இப்பிடி மூஞ்சையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிண்டா, உன்னையும் தேற்ற வேண்டியதா இருக்கு எனக்கு. எனக்கு இப்ப அதுக்குச் சக்தி இல்லையடி.”

ஹம்சிகா அழக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். மணி அடித்து, பார்வையாளர்களை வெளியே போகச் சொன்னார்கள்.

“அந்தச் சூப்பில உப்புக் காணாது,” என்றாள் தாரிகா. “நாளைக்குப் போட்டுக்கொண்டு வா.”

வீட்டுக்கு வந்தபோதும் குழாய்கள் இருந்தன. போத்தல்களைக் கழற்றி, அளந்து, கழுவி மாட்டியது கிருபாகரன். முதல் நாள் அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு ஹம்சிகாவைக்கூட அவன் அண்டவிடவில்லை. அக்ஷரா அம்மாவின் மடியில் ஏறப் பார்க்கும்போதெல்லாம் ஹம்சிகா தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கடலைக் காட்டினாள். தையல் ஆறிய பிறகு அந்தப் பிள்ளை அம்மாவின் நெஞ்சில் முகத்தை வைத்துப் படுத்தது. தனக்கு அந்த இடம் மரத்துப்போய்க் கிடக்கிறது, சூடுகூடத் தெரியவில்லை என்று தாரிகா பிறகொரு நாள் சொன்னாள். சும்மா ஒரு செய்தியைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஹம்சிகா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

வெட்டி எடுத்ததைச் சோதித்த அறிக்கை வந்தது. புற்றுநோய் எதுவும் இல்லை. சிறு அடையாளம்கூட இல்லை.

கிருபாகரன் அதை இரண்டு தரம் வாசித்தான். குசினி வாசலில் நின்று, யாரிடமும் இல்லாமல், “அப்ப சும்மாதானே வெட்டினது,” என்றான்.

உள்ளே கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஹம்சிகாவின் கத்தி நின்றது. ஒன்றும் இல்லை. ஒருவேளை எப்போதுமே வந்திருக்காது. நூறில் மிச்ச முப்பது பேரில் அக்கா ஒருத்தியாக இருந்திருக்கலாம். அதை இனி எந்த டொக்டராலும் சொல்ல முடியாது.

“என்னப்பா கதைக்கிறீங்கள்?” தாரிகா முன்னறையிலிருந்து எழும்பி வந்தாள். “ஏதாவது இருந்திருந்தா உங்களுக்குச் சந்தோசமே? ஒண்டும் இல்லாமல் இருக்கேக்கதானே நான் போனனான்.”

“அப்பிடி நான் சொல்லேல்லை தாரி...”

“வருசா வருசம் அந்த மெசினுக்குள்ள படுத்து, ரிசல்ட் வருமட்டும் செத்துச் செத்துப் பிழைக்க என்னால ஏலாது. வெட்டினது எனக்குக் கவலைதான். சட்டை போடேக்க ஒவ்வொரு நாளும் கவலைதான். ஆனா சும்மா இல்லை.”

கிருபாகரன் தலையைக் குனிந்துகொண்டு அறிக்கையை மடித்தான். பிறகு மனைவியின் தோளில் கை வைத்தான். ஹம்சிகா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாரிகா அவளிடம் கேட்டது வேறொன்று.

“துஷிக்குச் சொன்னனீயே?”

ஹம்சிகா அடுப்பைத் தணித்தாள்.

“அந்த டொக்டர் சொல்லி எவ்வளவு காலம்! நீதானே சொல்லுறன் எண்டனீ?”

“ஏலாமக் கிடக்கு அக்கா. உங்களுக்குச் செய்தது போதாதே? இன்னொரு வீட்டுக் கதவையும் நானே போய்த் தட்டோணுமே?”

“அப்ப ஆர் தட்டுறது? எனக்குக் கை தூக்க ஏலாது, பஸ்ஸில தொங்கிக்கொண்டு போவன் எண்டு நினைக்கிறியே?” தாரிகா மூடியைத் திறந்து கறியைக் கிளறினாள். “சனிக்கிழமை போ.”

துஷ்யந்தியின் வீடு கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் பின்னால் உள்ள தொடர்மாடியில் இருந்தது. கணவர் புறக்கோட்டைக் கடைக்குப் போயிருந்தார். நடக்கப் பழகும் மகன் தரையெங்கும் விளையாட்டுக் கார்களைப் பரப்பியிருந்தான். துஷ்யந்தி தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்து, “தாரி மச்சாளுக்கு ஏதோ ஒப்பரேசன் எண்டு கேள்விப்பட்டன். கர்ப்பப்பையே?” என்று கேட்டாள்.

ஹம்சிகா சொன்னாள். சித்தியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும், தன்னுடைய முடிவையும் சேர்த்து. மாமாவுக்கு அது இருந்ததோ இல்லையோ தெரியாது, இருந்திருந்தால் துஷ்யந்திக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு, சோதித்தால்தான் தெரியும் என்று சொல்லி முடித்தாள்.

துஷ்யந்தி மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “உங்களுக்கு எப்ப தெரியும்?”

“போன வருசம்.”

“போன வருசமே?” அவள் குரல் உயர்ந்தது. “இவன்ர பேர்த்டேக்கு வந்தனீங்கள். இதே கதிரையில இருந்து சாப்பிட்டிட்டுப் போனனீங்கள் மச்சாள். அண்டைக்கும் தெரிஞ்சுதானே இருந்தனீங்கள்?”

“ஓம்.”

“ஏன் சொல்லேல்லை?”

“பயமா இருந்தது.”

“ஆருக்கு? எனக்கோ?”

“எனக்குத்தான்,” என்றாள் ஹம்சிகா. “அக்காவுக்கு நான்தான் இதைக் கொண்டுபோய்க் குடுத்தது. திரும்பவும் ஒராளுக்கு நான் குடுக்கோணுமே எண்டு.”

“அதுக்காக எனக்குத் தெரியாமலே போகட்டும் எண்டு விட்டனீங்களோ?”

சொன்னதற்காக ஒருத்தியிடமும் சொல்லாததற்காக இன்னொருத்தியிடமும் அவள் குற்றவாளியாக இருந்தாள். இரண்டும் உண்மைதான். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. சின்னவன் தாயின் சங்கிலியை வாயில் வைத்துக் கடித்தான்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்.”

துஷ்யந்தி அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள். “தாரி மச்சாளுக்கு ஃபோன் எடுத்துத் தாங்கோ. நான் அவவோட கதைக்கோணும்.”

ஹம்சிகா எண்ணை அழுத்திக் கொடுத்தாள். துஷ்யந்தி கைபேசியை வாங்கிக்கொண்டு யன்னலடிக்குப் போய், முதுகு காட்டி நின்று கதைத்தாள். அவள் கேட்டவை மட்டுமே ஹம்சிகாவுக்குக் கேட்டன. சரியா நொந்ததே மச்சாள்? எத்தனை நாள் படுத்தனீங்கள்? அவர் ஒண்டும் சொல்லேல்லையே? பிறகு நீண்ட நேரம் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னாள். ஒருமுறை அழுதாள். ஒருமுறை அக்கா அங்கே என்ன சொன்னாளோ, அழுகையோடு இலேசாகச் சிரித்தாள்.

திரும்பி வந்து கைபேசியைக் கொடுத்தபோது அவளுடைய கோபம் முழுவதும் போயிருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது.

“செவ்வாய்க்கிழமை இரத்தம் குடுக்கப் போறன். இவருக்கு லீவு கிடைக்காது. நீங்கள் வாறீங்களே?”

“வாறன்,” என்றாள் ஹம்சிகா.

“பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வரோணும். அவனை ஆராவது பிடிக்கோணும்.”

“நான் பிடிக்கிறன்.”

துஷ்யந்தி தலையாட்டினாள். மகனை இடுப்பில் மாற்றிக்கொண்டு, ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு வேறு போட உள்ளே போனாள்.